காலில் வலி, கோளாறோ முதுகில்!

நம் வீடுகளில் கால் வலிக்குப் பெயர் வைப்பதில் பஞ்சமே இல்லை. "வாயு இறங்கியிருக்கு" என்பார் மாமியார். "நரம்பு இழுத்துக்கிச்சு" என்பார் வேலைக்கு வரும் அம்மா. "வெறுங்காலோட ஈரத்தரையில நிக்கறே, அதான்" என்பார் வீட்டுக்காரர். "சத்துக் குறைவு, கால்ஷியம் மாத்திரை வாங்கிப் போடு" என்பாள் பக்கத்து வீட்டுத் தோழி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு தைலத்தைத் தடவிக்கொண்டு, நொண்டி நொண்டியே நாம் சமையலை முடித்துவிடுவோம்.

ஆனால் ஒரு வகைக் கால் வலி இருக்கிறது. இடுப்பிலோ புட்டத்திலோ கிளம்பும். தொடையின் பின்பக்கமாக ஓடி, முழங்காலைத் தாண்டி, கெண்டைக்காலில் இறங்கிப் பாதம் வரை போகும். பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். இருமினால், தும்மினால், முக்கினால் சுரீரென்று மின்சாரம் பாய்ந்தாற்போல் இழுக்கும். ஆங்கில வைத்தியத்தில் இதற்கு 'ஸயாட்டிகா' என்று பெயர். காலில் எத்தனை தைலம் தேய்த்தாலும் இது அசைந்து கொடுக்காது. ஏனென்றால் கோளாறு காலில் இல்லை, முதுகில் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் இந்த வலி எனக்கே வந்தது. நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். டாக்டரம்மாவிடம் கேட்டுக் கேட்டும், பிறகு படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள்தான் இது அதிகம் வருகிறதாம். அதாவது, வீட்டில் யாருக்கும் ஓய்வு கொடுக்க நேரமில்லாத நம் வயதில்!

வாசலில் சுவிட்ச், உள்ளே மணி

அழைப்பு மணியின் சுவிட்ச் வாசலில் இருக்கிறது. மணி அடிப்பதோ கூடத்தில். வாசல் சுவிட்ச் சிக்கிக்கொண்டால் உள்ளே மணி விடாமல் அலறும். மணியைக் கழற்றித் துடைத்து என்ன பயன்? இந்தக் கால் வலியின் கதையும் இதுதான்.

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. 33 சிறு எலும்புகளின் அடுக்கு. அடியில் உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. மேலே உள்ள 24 எலும்புகள்தான் அசையும். இந்த எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி வட்ட வட்டமாக 'டிஸ்க்'குகள் உண்டு. 'ஜவ்வு' என்று நாம் சொல்வது இதைத்தான்.

இந்த ஜவ்வைக் கொழுக்கட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கெட்டியான மேல் மாவு. உள்ளே மெத்தென்ற பூரணம். வயதாலோ, பாரத்தாலோ மேல் மாவில் கீறல் விழுந்தால் பூரணம் பிதுங்குகிறது அல்லவா? அப்படித்தான் ஜவ்வும் பிதுங்குகிறது. பிதுங்கியது பக்கத்தில் இருக்கும் நரம்பு வேரை அழுத்துகிறது. அழுத்துவது மட்டுமில்லை, அந்தப் பூரணமே நரம்பை எரிச்சல்படுத்தி வீங்கச் செய்யுமாம்.

முதுகின் அடிப்பகுதியிலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கிளம்பி, புட்டத்துக்குள் ஒன்று சேர்ந்து, ஒரே பெரிய நரம்பாகக் காலில் இறங்குகின்றன. நம் உடம்பிலேயே தடிமனான நரம்பு இதுதான். ஏறக்குறைய விரல் கனம் இருக்கும். வேர் முதுகில் நசுங்கினால், நரம்பு போகும் வழியெல்லாம் வலி பேசும்.

"ஜவ்வு விலகிடுச்சு" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் அது கேரம் காய் மாதிரி இடம் நகர்வதில்லை. அதனால் கையால் தள்ளி மறுபடி உள்ளே வைத்துவிடவும் முடியாது. "ஒரே தட்டில் ஜவ்வை உட்கார வைக்கிறேன்" என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

தாளிப்பு நெடியில் வந்த வினை

தை மாதம், பொங்கல் கழிந்த நேரம். நான்கைந்து நாளாகவே இடுப்பில் லேசாகப் பிடிப்பு இருந்தது. ஒரு நாள் காலை சாம்பாருக்குத் தாளித்தேன். மிளகாய் நெடி ஏற, ஒரு தும்மல். அவ்வளவுதான்! இடது புட்டத்திலிருந்து சுண்டுவிரல் வரை யாரோ கம்பியைச் சூடு காட்டி இழுத்தது போல் இருந்தது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அதற்கப்புறம் உட்காரவே முடியவில்லை. நின்றபடியே சாப்பிட்டேன். ராத்திரி புரண்டு படுக்கப் பத்து நிமிஷம் ஆகும். என் மாமியாருக்கு என் மேல் ரொம்பப் பிரியம். "உருளைக்கிழங்கு, வாழைக்காய் ஒண்ணையும் தொடாதேம்மா, எல்லாம் வாயு" என்று தினமும் பூண்டு ரசம் வைத்துக் கொடுத்தார். எங்கள் திருச்சிப் பக்கத்தில், தலைக்குப் பதில் கால் முன்னே வந்து பிறந்தவர்கள் முதுகில் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அப்படிப் பிறந்த ஒரு பையனையும் தெருவில் தேடிப் பிடித்துவிட்டார்கள்! "அத்தை, ரசம் நீங்க எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கிறேன். முதுகில் மட்டும் யாரும் ஏற வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.

நாலாம் நாள் சுண்டுவிரலும் பாதத்தின் வெளிப்பக்கமும் மதமதவென்று மரத்துப்போயின. அன்றே டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மா சின்ன வயசு. முதலில் அவர் கேட்டது காலைப் பற்றியே அல்ல. "அம்மா, ஒண்ணுக்குப் போறது எப்பவும் போல இருக்கா? மலம் அடக்க முடியுதா? உட்கார்ற இடம், கழுவுற இடம் மரத்துப்போன மாதிரி இருக்கா?" என்று கேட்டார். எனக்குக் கூச்சமாகப் போயிற்று. கால் வலிக்கு வந்தவளிடம் இது என்ன கேள்வி என்று முழித்தேன். "கூச்சப்படாம சொல்லுங்கம்மா, எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம்" என்றார். இதெல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் என் இடது காலை மெல்லத் தூக்கினார். பாதி உயரம் வருவதற்குள் உயிர் போயிற்று. அடுத்து, முன்பாதத்தில் எம்பி நடக்கச் சொன்னார். குதிகாலில் நடக்கச் சொன்னார். கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி அழுத்திப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மொத்தமே பத்து நிமிஷம்தான். எந்த வேர் என்று அதிலேயே ஊகித்துவிட்டார்.

அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கட்டைவிரல் பக்கம் மரத்து, பாதத்தை மேலே தூக்க வலுவில்லாமல் போனால் ஒரு வேர். சுண்டுவிரல் பக்கமும் உள்ளங்காலும் மரத்து, முன்பாதத்தில் எம்ப முடியாமல் போனால் அதற்கு அடுத்த வேர். ஜவ்வு பிதுங்குவது பெரும்பாலும் முதுகின் கடைசி இரண்டு மெத்தைகளில்தான் என்பதால் இந்த இரண்டு வேர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கின்றன.

கழுகு நடை

இது இன்று நேற்று வந்த நோய் அல்ல. ஆயுர்வேதத்தில் இதற்குக் 'கிருத்ரஸி' என்று பெயர். 'கிருத்ர' என்றால் கழுகு. இந்த வலிக்காரர்கள் கழுகு மாதிரி சாய்ந்து சாய்ந்து நடப்பதால் இந்தப் பெயர் என்பார்கள். சரக ஸம்ஹிதை சொல்லும் 80 வாத நோய்களில் இதுவும் ஒன்று. என் மாமியார் 'வாயு' என்றது வெறும் வாய்ப்பேச்சு அல்ல, பழைய வைத்திய வழக்குதான்!

மேல்நாட்டில், இது நரம்பு சம்பந்தப்பட்ட வலி என்று 1764-ல் புத்தகம் எழுதியவர் இத்தாலியைச் சேர்ந்த டொமெனிகோ கொட்டூன்யோ. ஆனால் பிதுங்கிய ஜவ்வுதான் நரம்பை நெருக்குகிறது என்பதை உலகமே ஒப்புக்கொண்டது 1934-ல் தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் அதை எழுதி வெளியிட்டார்கள்.

படுத்தே கிடக்க வேண்டுமா?

முன்பெல்லாம் இந்த வலி வந்தால் பலகையில் மூன்று வாரம் படுக்க வைத்துவிடுவார்கள். எங்கள் அம்மா காலத்தில் இடுப்பில் எடை கட்டித் தொங்கவிட்டதும் உண்டு. இன்றைக்கு அந்த யோசனை மாறிவிட்டது.

1999-ல் நெதர்லாந்தில் இந்த வலி உள்ள 183 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரை இரண்டு வாரம் படுக்கையில் வைத்தார்கள். மீதிப் பேரை முடிந்தவரை வழக்கம்போல் நடமாடச் சொன்னார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தார்கள்! படுத்துக் கிடந்ததால் லாபமே இல்லை.

இதில் நமக்கு இரண்டு சேதி இருக்கிறது. ஒன்று, பெரும்பாலானவர்களுக்கு இது தானே குறையும். பிதுங்கிய ஜவ்வை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்து இழுத்துக்கொள்கிறது; மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு அது தானாகவே சுருங்கிவிடுகிறதாம். இரண்டு, படுத்துக் கிடந்தால் தசைதான் இளைக்கும்.

வலி உச்சத்தில் இருக்கும் முதல் ஓரிரு நாள் படுக்கலாம், தப்பில்லை. மல்லாக்கப் படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை. ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை. மூன்றாம் நாளிலிருந்து மெல்ல நடக்க வேண்டும். நான் கூடத்துக்கும் வாசலுக்குமாக ஐந்து நிமிஷத்தில் ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் பத்து நிமிஷம். மாதக் கடைசியில் கோயில் வரை போய் வந்துவிட்டேன். ஒரே இடத்தில் அரை மணிக்கு மேல் உட்காரவுமில்லை, நிற்கவுமில்லை. வெந்நீர்ப் பை ஒத்தடம் இதமாக இருந்தது. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: மரத்துப்போன இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது. சுடுவது தெரியாமல் கொப்புளித்துவிடும்.

மேலே ஏறினால் நல்லது

நியூசிலாந்தில் ராபின் மெக்கென்ஸி என்று ஒரு பிஸியோதெரபிஸ்ட் இருந்தார். 1956-ல் அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த மேஜையில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்பக்கமாக நன்றாக வளைந்துவிட்டது. சற்றுக் கழித்து வந்து பார்த்த மெக்கென்ஸி பதறிப்போனார். ஆனால் அந்த மனிதரோ, "பல வாரமாக இருந்த கால் வலி போய்விட்டது" என்றாராம்! அதிலிருந்து மெக்கென்ஸி ஒரு பயிற்சி முறையையே உண்டாக்கினார்.

அதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. பயிற்சி செய்யும்போது வலி பாதத்திலிருந்து முழங்காலுக்கும், அங்கிருந்து தொடைக்கும், பிறகு இடுப்புக்கும் ஏறி வந்தால் அது நல்ல அறிகுறி. இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் பயப்பட வேண்டாம். எந்த அசைவில் வலி கீழே கீழே இறங்குகிறதோ, அந்த அசைவை உடனே நிறுத்திவிட வேண்டும்.

எனக்குக் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி எழும்புவது ஒத்துவந்தது. எல்லோருக்கும் அதுவே ஒத்துவரும் என்பதில்லை. வயதானவர்களில் சிலருக்குப் பின்னால் வளைந்தால் வலி கூடும். ஒரு தடவையாவது பிஸியோதெரபிஸ்ட்டிடம் காட்டிக் கற்றுக்கொண்டு செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் செய்கிறாரே என்று நாமும் செய்யக் கூடாது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் என்ன?

என் வீட்டுக்காரரும் இதைத்தான் கேட்டார். டாக்டரம்மா சிரித்தார். "ஸார், வலியே இல்லாத உங்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் ஜவ்வு பிதுங்கியிருக்குன்னு வரலாம்" என்றார்.

உண்மைதான். வலி எதுவும் இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆராய்ச்சிகளை 2015-ல் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். வலியில்லாத இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு ஜவ்வு பிதுக்கம். எண்பது வயதில் 84 பேருக்கு! தலை நரைப்பது போல ஜவ்வும் தேய்கிறது. அதனால் ரிப்போர்ட்டில் நாலு பெரிய வார்த்தைகளைப் பார்த்துவிட்டு, "என் முதுகே போச்சு" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஆறு வாரமாகியும் வலி குறையாவிட்டாலோ, கால் வலுவிழந்தாலோ, ஊசி அல்லது ஆபரேஷன் என்ற பேச்சு வந்தாலோ, அபாய அறிகுறி இருந்தாலோ ஸ்கேன் அவசியம்.

மாத்திரை, ஊசி, ஆபரேஷன்

வலி மாத்திரைகள் கொஞ்ச நாளைக்குக் கை கொடுக்கும். ஆனால் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்றவை வயிற்றில் புண் உண்டாக்கும். சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கும். மருந்துக் கடையில் நாமாகவே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது. கர்ப்பிணிகள், முக்கியமாக 20 வாரத்துக்குப் பிறகு, டாக்டர் சொல்லாமல் இவற்றைத் தொடவே கூடாது. 'நரம்பு மாத்திரை' என்று தரும் பிரிகாபலின் இந்த வலிக்குப் பயன்படுகிறதா என்று ஆஸ்திரேலியாவில் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். வெற்று மாத்திரையை விட அது மேலாக இல்லை, தலைசுற்றல்தான் மிச்சம். ஏற்கெனவே அதைச் சாப்பிடுகிறவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்திவிடாமல் டாக்டரிடம் கேட்டுக் குறையுங்கள்.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்கள் நிம்மதி தரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆபரேஷன் என்றாலே நமக்கு நடுக்கம். "முதுகுல கத்தி வெச்சா படுத்த படுக்கைதான்" என்று யாராவது சொல்லக் கேட்டிருப்போம். அது பழைய பயம். 2007-ல் நெதர்லாந்திலிருந்தே இன்னொரு ஆராய்ச்சி வந்தது. பல வாரமாகக் கடும் வலியில் இருந்த 283 பேரில் ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மறு பாதியைக் காத்திருந்து பார்த்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. ஆனால் ஒரு வருஷ முடிவில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே, நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் பொறுக்க முடியாமல் நடுவில் ஆபரேஷனுக்குப் போனதும் உண்டு. ஆகவே அவசரக் குறி எதுவும் இல்லாதபோது, காத்திருப்பதா, சீக்கிரம் முடித்துக்கொள்வதா என்பதை டாக்டரோடு பேசி நாமே நிதானமாக முடிவு செய்யலாம். இரண்டுமே தப்பில்லை.

இளம் தாய்மார்களுக்கு

கர்ப்ப காலத்தில் இடுப்பு வலி வருவது சகஜம். பெரும்பாலும் அது ஜவ்வால் வருவதல்ல. பிரசவத்துக்காக இடுப்பு மூட்டுகளின் கட்டுகள் தளர்வதால் வருவது. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கும்.

"ஸிஸேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அன்னிலேருந்து முதுகு வலி" என்று சொல்லாத பெண் உண்டா? ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். ஆனால் வருஷக்கணக்கான முதுகு வலிக்கு அந்த ஊசி காரணமில்லை என்றே ஆராய்ச்சிகள் சொல்கின்றன. தளர்ந்த வயிற்றுத் தசை, தூக்கமின்மை, குனிந்து குனிந்து பால் கொடுப்பது, நாளுக்கு நாள் கனக்கும் குழந்தையைத் தூக்குவது, இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஊசியின் மேல் பழி போடுகிறோம்!

பால் கொடுக்கும்போது முதுகுக்குச் சாய்மானம் வைத்து, மடியில் தலையணை போட்டுக் குழந்தையை மார்புக்கு உயர்த்துங்கள். அடுத்தது குழந்தைக் குளியல். மணையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, அதன் மேல் குழந்தையைப் போட்டுக் குனிந்து குளிப்பாட்டுகிறோமே, டாக்டரம்மா என் காலைத் தூக்கிப் பார்த்தாரே, நரம்பை இழுக்கும் அதே நிலைதான் இது. கால் வலி உள்ள தாய் இதைச் செய்யக் கூடாது. வலி தீரும் வரை பாட்டிமார்களிடம் விட்டுவிடுங்கள். அல்லது சமையல் மேடை உயரத்தில் ஒரு தொட்டியை வைத்து, ஒரு கையால் குழந்தையை விடாமல் பிடித்தபடி, நின்றுகொண்டே குளிப்பாட்டுங்கள்.

வீட்டு வேலையும் முதுகும்

ஆட்டுக்கல்லும் கிணற்று வாளியும் போய்விட்டன, பாரம் போய்விடவில்லை. நிறைந்த சமையல் வாயு சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. தண்ணீர் கேன் 20 கிலோ. அரிசி மூட்டை 25 கிலோ. இதில் எதையும் வலி இருக்கும்போது தூக்காதீர்கள். சிலிண்டரைக் கொண்டு வருபவரையே அடுப்படியில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கேனைக் கவிழ்ப்பதற்குப் பதில் அதிலிருந்து சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொள்ளலாம்.

தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் பொருளை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். கையை நீட்டித் தூக்கினால் முதுகுக்குப் பல மடங்கு பாரம். தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாமல், பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள். கோலம் போடும்போது கால் நீட்டிக் குனியாமல், வலி தீரும் வரை சின்னக் கோலமாகக் குட்டை முக்காலியில் உட்கார்ந்து போடலாம். நின்று சமைக்கும்போது ஒரு காலை மணைப் பலகை மேல் மாற்றி மாற்றி வையுங்கள். துவைத்த துணி நிறைந்த வாளி ஒன்றுக்குப் பதில் அரை வாளி இரண்டு.

மலச்சிக்கலும் விரோதிதான். முக்கினால் வலி தெறிக்கும். கீரை, பழம், தண்ணீர், மூன்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். வலி தீர்ந்த பின்னும் தினம் அரை மணி நடையும், வயிறு, முதுகுத் தசைகளுக்கான பயிற்சியும் விடாமல் இருந்தால் மறுபடி வருவது குறையும்.

எல்லாக் கால் வலியும் இது அல்ல

பிள்ளை பெற்ற பிறகோ, நீண்ட பயணம் போனாலோ, படுத்தே கிடந்தாலோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக வலித்தால், அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். அமுக்கிவிடாமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு பாதமும் காலுறை போட்ட அளவுக்கு எரிந்து மரத்தால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குக் கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து, உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால் விட்டுப்போனால், நரம்பு போகும் குழாயே குறுகியிருக்கலாம். மாலை மாலை காய்ச்சல், உடம்பு இளைப்பு, ராத்திரியில் கூடும் முதுகு வலி, இவை முதுகெலும்பில் காசநோயின் குறியாக இருக்கலாம். இதை அலட்சியப்படுத்தவே கூடாது.

கூச்சத்தை விட்டுக் கேட்ட கேள்வி

இப்போது டாக்டரம்மாவின் அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கு அப்போது 27 வயது. கையில் எட்டு மாதக் குழந்தை. இரண்டு மாதமாக இடுப்பும் வலது காலும் வலி. ஒரு நாள் சாயங்காலம் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். "அக்கா, இன்னிக்கு ரெண்டு காலும் கனக்குது. சூடு பிடிச்சுக்கிச்சு போல. காலைலேருந்து ஒண்ணுக்கே போகலை. அத்தை இளநீ வாங்கிக் கொடுத்தாங்க, அப்பவும் வரலை" என்றாள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "கழுவுற இடத்துல தண்ணி படறது தெரியுதா?" என்று கேட்டேன். அவள் முகம் சிவந்து, பிறகு மெல்ல, "தெரியலக்கா. யாருகிட்ட சொல்றதுன்னு இருந்தேன்" என்றாள்.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்குள் நரம்பு ஆபரேஷன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குழந்தை என் மாமியாரிடம் தூங்கியது. உடனே ஸ்கேன், விடியற்காலை ஆபரேஷன். முதுகுத் தண்டின் அடியில் குதிரை வால் மாதிரி நரம்புக் கொத்து ஒன்று இருக்கிறது. மூத்திரம், மலம், கழிக்கும் இடத்து உணர்ச்சி எல்லாம் அதன் பொறுப்பு. பெரிய பிதுக்கம் ஒன்று அதை மொத்தமாக நசுக்கியிருந்தது. இப்படி ஆனால் மணிக்கணக்கு முக்கியம். முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடக்க வேண்டும் என்பார்கள். தாமதமானால் காலம் முழுக்கக் குழாய் வைத்துக்கொண்டு இருக்கவும் நேரலாம். அந்தப் பெண்ணுக்குச் சில மாதம் சிரமம் இருந்தது. இன்று ஓடும் குழந்தையின் பின்னால் அவளும் ஓடுகிறாள்.

மூத்திரம் வராததைச் சூடு என்றும், மரத்துப்போனதைச் சொல்லக் கூசியும் மறைப்பது நம் பெண்களின் வழக்கம். உங்கள் வீட்டில் முதுகு வலியோடு ஒரு மருமகளோ, மகளோ, வேலை செய்யும் பெண்ணோ இருந்தால், நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். கீழே உள்ளதைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதுகு வலி, கால் வலியோடு இவற்றில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பாராமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்:

* மூத்திரம் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே போய்விடுவது
* மலத்தை அடக்க முடியாமல் போவது
* உட்காரும் இடம், தொடை இடுக்கு, கழுவும் இடம் மரத்துப்போவது
* வலி, மதமதப்பு அல்லது பலவீனம் இரண்டு காலிலும் வருவது
* பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது, கால் நாளுக்கு நாள் வலுவிழப்பது

இவை இருந்தால் அடுத்த நாளே டாக்டரைப் பாருங்கள்:

* முதுகு வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது
* முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக வரும் முதுகு வலி
* வயதானவர்கள் விழுந்த பிறகு வரும் முதுகு வலி
* படுத்தாலும் குறையாமல் ராத்திரியில் கூடும் வலி